அடைத்த குகையும் திறந்த நிலையமும்

வட ஜேர்மனியிலுள்ள பாட் செகெபேர்க் நகரிற் கல்க்பேர்க் என்னுங் குன்றின் அகத்தே, 1913 ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்ட குகையொன்றுண்டு. குளிர்காலந்தோறும் ஏறத்தாழ 30,000 வௌவால்கள் ஆங்குத் துயில்கின்றன. பூச்சியுணவு கிட்டாத அத்திங்கள்களில், அவை உடல்வெப்பத்தைக் குறைத்து, முன்னர்ச் சேர்த்த கொழுப்பொன்றையே கொண்டு உயிர்தாங்குவன. துயில் கலையுந்தோறும் அக்கொழுப்பு விரைந்து செலவாகும். பன்முறை கலையின், வசந்தம் வருமுன் அவை மடிதலுங் கூடும். ஆதலின் அக்காலத்திற் குகை பார்வையாளர்க்கு அடைக்கப்படுகின்றது.

அக்குறையை நிரப்புவது, குகையை அடுத்து 2006 இல் திறக்கப்பட்ட நொக்டாலிஸ் என்னும் வௌவால் நிலையமாகும். அங்குச் செல்வோர் உயிருள்ள வௌவால்களை அண்மையிற் காண்பர்; மனிதர் செவிக்கெட்டா ஒலியெழுப்பி, அதன் எதிரொலியால் அவை இருளில் இரைதேடும் திறத்தைக் கற்பர். கற்றார்க்கு அச்சம் நீங்கி வியப்பு விளையும். ஓருயிரைக் காத்தற்கு அதனை அணுகாது விலகிநிற்றலும் தொண்டேயாம் என்பதே அடைத்த குகைவாயில் உணர்த்தும் பாடம்.