ஒப்பந்தத்தில் மின்கையொப்பம்: எதை நிரூபிக்கிறது?

வணிக ஒப்பந்தம் செல்லுபடியாகக் கையொப்பம் இன்றியமையாதது என்ற எண்ணம் ஆழ வேரூன்றியிருந்தாலும், 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் அதைப் பொதுவிதியாக எங்கும் வைக்கவில்லை. தகுதியுள்ள இருவர் சுயவிருப்பத்தோடு, சட்டத்துக்கு உட்பட்ட பொருள் குறித்து, உரிய பிரதிபலனுக்கு உடன்பட்டால் அது ஒப்பந்தமாகிவிடும். எழுத்தோ பதிவோ வேண்டும் என்று வேறொரு சட்டம் குறிப்பாகக் கேட்காத வரையில் வாய்மொழி உடன்பாடுகூடச் செல்லும். இன்னார் இன்ன நிபந்தனைகளுக்கு இன்ன நாளில் இசைந்தார் என்பதைத் தகராறு வரும் நாளில் மெய்ப்பிக்கத்தான் கையொப்பம் தேவைப்படுகிறது. மின்கையொப்பத்தையும் இதே அளவுகோலால்தான் மதிப்பிட வேண்டும்; வேகமும் தாள் மிச்சமும் அடுத்தபட்சமே.

இதற்கு உச்ச நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பே சான்று. டிரைமெக்ஸ் இன்டர்நேஷனல் என்ற துபாய் நிறுவனத்துக்கும் வேதாந்தா அலுமினியம் நிறுவனத்துக்கும் இடையே பாக்சைட் வழங்குவது குறித்து 2007இல் மின்னஞ்சல்கள் பரிமாறப்பட்டன. முறையான ஒப்பந்தப் பத்திரம் கையெழுத்தாகாத நிலையில் தகராறு எழுந்தது. முக்கிய நிபந்தனைகளில் மின்னஞ்சல் வழியாகவே உடன்பாடு ஏற்பட்டுவிட்டதால், பின்னர் ஒரு பத்திரம் எழுதிக் கையொப்பமிட வேண்டியிருந்தது என்பது அந்த ஒப்பந்தத்தைக் குலைக்காது என்று 2010இல் நீதிமன்றம் கூறியது. வென்ற தரப்புக்கு இது ஆறுதல்தான். ஆனால் மூன்று வரிகளில் முடிந்திருக்க வேண்டிய நிரூபணத்துக்கு மின்னஞ்சல்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

மின்கையொப்பம் என்ற ஒரே பெயரில் இன்று மூன்று வேறுபட்ட செயல்கள் புழங்குகின்றன. முதலாவது, தாளில் போட்ட கையெழுத்தைப் படமெடுத்துக் கோப்பில் ஒட்டுவது. அலுவலகங்களில் மிகுதியாக நடப்பதும், மிகக் குறைந்த பாதுகாப்புடையதும் இதுவே, ஏனெனில் அந்தப் படத்தை யார் வேண்டுமானாலும் வெட்டி வேறொரு கோப்பில் ஒட்டிவிடலாம். இரண்டாவது, மின்னஞ்சலில் வரும் இணைப்பைத் திறந்து, ஓடிபி கொடுத்து, ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்துவது. இதில் நேரமும் இணைய முகவரியும் பதிவாகின்றன. மூன்றாவது, மறையாக்கக் கணிதத்தின் அடிப்படையிலான டிஜிட்டல் கையொப்பம். 2000 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம் முதலில் இந்த மூன்றாவதை மட்டுமே அங்கீகரித்தது. 2008ஆம் ஆண்டின் திருத்தம் மின்கையொப்பம் என்ற விரிந்த வகையைக் கொண்டுவந்தாலும், எந்தெந்த முறைகள் அதில் அடங்கும் என்பதைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையே வரையறுக்கிறது. ஒட்டிய படம் உடன்பாட்டுக்கு ஓர் அடையாளமாகலாம். சட்டம் தரும் சிறப்பு அனுமானங்கள் எவையும் அதற்குக் கிடையா.

டிஜிட்டல் கையொப்பத்தின் அடிப்படையை 1976இல் விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் முன்வைத்தனர். அடுத்த ஆண்டில் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் ஆகிய மூவரும் அதைச் செயலுக்குக் கொண்டுவரும் வழியைக் கண்டனர். ஒருவருக்கு ஒன்றோடொன்று பிணைந்த இரண்டு திறவுகோல்கள் உருவாக்கப்படுகின்றன: அவர் மட்டுமே வைத்திருக்கும் தனித்திறவுகோல், எவருக்கும் தரத்தக்க பொதுத்திறவுகோல். கையொப்பமிடும் கணத்தில் மென்பொருள் கோப்பு முழுவதையும் ஒரு கணிதச் செயல்முறைக்கு உட்படுத்தி, ஹாஷ் எனப்படும் குறுகிய எண்ணாக்குகிறது. எஸ்எச்ஏ-256 என்ற முறையில் அது எப்போதும் 64 குறியீடுகள் நீளமுள்ளது. ஒப்பந்தத்தில் ரூ. 10,00,000 என்றிருப்பதை ரூ. 10,00,001 என்று மாற்றினால், அந்த 64 குறியீடுகளின் வரிசை அடையாளமே தெரியாமல் மாறிவிடும். இந்த எண் தனித்திறவுகோலால் மறையாக்கப்பட்டுக் கோப்போடு சேர்கிறது. பெறுபவர் பொதுத்திறவுகோலால் அதைத் திறந்து, தம் கையிலுள்ள கோப்பின் ஹாஷோடு ஒப்பிடுகிறார். எனவே, தாளில் போடும் கையெழுத்து பக்கத்தின் அடியில் மட்டும் நிற்க, இது ஒவ்வோர் எழுத்தையும் பூட்டி வைக்கிறது.

அந்தத் திறவுகோல் உண்மையில் இன்னாருடையதுதான் என்பதற்கு உறுதி தருபவர்கள் சான்றளிக்கும் நிறுவனங்கள். அவற்றுக்கு உரிமம் வழங்கிக் கண்காணிப்பவர் மத்திய அரசின் கட்டுப்பாட்டு அதிகாரி. 2002இல் நாட்டிலேயே முதலில் உரிமம் பெற்ற சேஃப்ஸ்கிரிப்ட், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவேயின் துணை நிறுவனமாக இருந்தது. தொழில்துறையினர் ‘டிஎஸ்சி’ என்று அழைக்கும் சான்றிதழ், பென் டிரைவ் போன்ற டோக்கன் ஒன்றில் வருகிறது. 2015 முதல் ஆதார் வழி மின்கையொப்ப முறையும் நடைமுறையில் உள்ளது: ஆதாரோடு இணைந்த கைபேசிக்கு வரும் ஓடிபியைக் கொடுத்தவுடன், 30 நிமிடங்களே செல்லுபடியாகும் ஒரு சான்றிதழும் திறவுகோலும் பிறந்து, ஒரே ஒரு கையொப்பத்தோடு அத்திறவுகோல் அழிக்கப்பட்டுவிடுகிறது.

தொழில்நுட்பம் இவ்வளவு இறுக்கமாக இருக்க, ஓட்டை வேறிடத்தில் விழுகிறது. சிறு நிறுவனங்கள் பலவற்றில் முதலாளியின் டோக்கன், கடவுச்சொல் எழுதிய துண்டுத்தாளோடு, ஆடிட்டர் அலுவலக மேசை இழுப்பறையில் கிடக்கிறது. ஜிஎஸ்டி தாக்கல், கம்பெனிப் பதிவாளருக்கான படிவம் என்று எதற்கும் அவரைக் கூப்பிட வேண்டியதில்லை என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். கையெழுத்திட்ட வெற்றுக் காசோலைப் புத்தகத்தைக் கொடுத்து வைப்பதற்கு இது எந்த வகையிலும் குறைந்ததன்று. தனித்திறவுகோலைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் பொறுப்பைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு சான்றிதழ் பெற்றவர் மீதே சுமத்துகிறது. பிறரது மின்கையொப்பத்தை மோசடியாகப் பயன்படுத்துபவருக்கு 66-சி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு; ஆனால் பறிபோன திறவுகோலால் இட்ட கையொப்பம் தம்முடையதன்று என்று மறுத்து நிரூபிக்கும் வேலை, பெரும்பாலும் உரியவர் தலையிலேயே விழும்.

கையொப்பம் என்பது ஒரு கணத்தில் முடிவது. ஒப்பந்தமோ வரைவில் தொடங்கிப் புதுப்பிப்பு வரை பல மாதங்கள் பல கைகளில் பயணிப்பது. கோவையில் பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்று, வார்ப்புகளை வழங்கும் பவுண்டரியுடன் ஓராண்டு ஒப்பந்தம் செய்வதாகக் கொள்வோம். கொள்முதல் பிரிவு வரைவைத் தயாரிக்கிறது; கச்சா இரும்பின் விலை ஏறினால் வார்ப்பின் விலையை எப்படித் திருத்துவது என்ற விதியைக் கணக்குப் பிரிவு மாற்றுகிறது; பவுண்டரிக்காரர் கழிவு வார்ப்புகளைத் திருப்பி எடுக்கும் கெடுவைத் திருத்துகிறார். மின்னஞ்சலில் இவை நடந்தால், ‘இறுதி’, ‘இறுதி-2’, ‘உண்மையான இறுதி’ என்று கோப்புகள் பெருகி, எந்தப் பிரதியில் கையொப்பமானது என்பதே ஆறு மாதம் கழித்து வழக்காகும். ஸோகோ சைன், டாக்குசைன் போன்ற சேவைகள் இந்த ஓட்டத்தை ஒழுங்குபடுத்துகின்றன: யாருக்குப் பின் யார் கையொப்பமிட வேண்டும் என்ற வரிசை முன்பே குறிக்கப்படுகிறது, முந்தையவர் முடித்த பிறகே அடுத்தவருக்குக் கோப்பு போகிறது, தாமதித்தால் நினைவூட்டல் செல்கிறது, திறந்தது, படித்தது, கையொப்பமிட்டது அனைத்தும் தணிக்கைத் தடம் என்ற பதிவேட்டில் நேரத்தோடு ஏறுகின்றன. கையொப்பமிடுபவருக்கு நிறுவனத்தின் சார்பில் அந்த அதிகாரம் உண்டா என்பதை மட்டும் எந்த மென்பொருளும் தானாக அறியாது. அதற்கு இயக்குநர் குழுத் தீர்மானத்தைப் பார்க்க ஒரு மனிதர்தான் வேண்டும்.

முத்திரைத் தீர்வை இன்னொரு கண்ணி. மின்வடிவில் இருப்பதாலேயே 1899ஆம் ஆண்டின் முத்திரைச் சட்டத்திலிருந்து ஒப்பந்தத்துக்கு விலக்குக் கிடைத்துவிடுவதில்லை. உரிய தீர்வை கட்டாத ஆவணத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. அத்தகைய ஆவணம் செல்லாததாகிவிடுவதில்லை, குறை தீர்க்கத்தக்கதே என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2023 டிசம்பரில் தெளிவுபடுத்தியது. என்றாலும் அதற்கு அபராதத்தோடு தீர்வை கட்ட நேரும். உயிலும் அறக்கட்டளைப் பத்திரமும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே உள்ளன. அசையாச் சொத்து விற்பனை ஒப்பந்தம் 2022இல் அந்த விலக்குப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டாலும், பதிவுச் சட்டம் பதிவைக் கேட்கும் ஆவணத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகம் இன்னும் தவிர்க்க முடியாதது.

பாதுகாப்பில்தான் பலர் கோட்டை விடுகின்றனர். டிஜிட்டல் கையொப்பமிட்ட பிடிஎஃப் கோப்பை அச்சிட்டு, பெயரும் தேதியும் தெரியும் கட்டத்தோடு ஃபைலில் போட்டுவிட்டு, கோப்பை அழித்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. தாளில் உள்ள அந்தக் கட்டம் வெறும் மை. சரிபார்க்க வேண்டிய எண்கள் கோப்புக்குள்தான் இருந்தன. கோப்பைத் திறக்கும்போது மஞ்சள் கேள்விக்குறி தெரிந்தால் கையொப்பம் போலி என்று பொருளில்லை. சான்றளித்த நிறுவனத்தை அந்தக் கணினி இன்னும் நம்பகமானதாக ஏற்கவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். சான்றிதழ் காலாவதியான பிறகும் கையொப்பத்தைச் சரிபார்க்க, அது இடப்பட்டபோது சான்றிதழ் உயிரோடிருந்தது எனக் காட்டும் நேரமுத்திரை உதவுகிறது. 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியம், மின்பதிவின் பிரதியைச் சான்றாக வைப்பவர் 63ஆம் பிரிவின்படி தரவேண்டிய சான்றிதழில் ஹாஷ் மதிப்பையும் குறிப்பிடச் சொல்கிறது. மூலக்கோப்பை வைத்திருப்பவருக்கு அது ஒரு நிமிட வேலை, அச்சுப்பிரதியை மட்டும் வைத்திருப்பவரோ எதிர்த்தரப்பின் மின்னஞ்சல் பெட்டியில் அந்தக் கோப்பு இன்னும் இருக்கிறதா என்று கேட்க வேண்டியிருக்கும்.