வீணை பாடலாம், பெட்டி பாடக் கூடாது
கைவேலைக் கணக்கு – 14

சென்ற வாரம் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பார்த்தோம். காருக்கு 12 அங்குல சப்வூஃபர் ஒன்றை வாங்கியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி அதற்குப் பெட்டி அடிக்க வேண்டும். செட்டிநாட்டில் இந்தப் பேச்சை எடுத்ததுமே ஒரு யோசனை வரும். "அண்ணே, வீட்டுல பழைய பர்மா தேக்குப் பலகை சும்மா கெடக்கு. அதுலயே பாக்ஸ் அடிச்சா சத்தம் கும்முன்னு இருக்கும்ல?" இடித்த வீடுகளின் தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் விலைக்குக் கிடைக்கின்றன. அந்த ஊரில் இப்படிக் கேட்பது இயல்புதான். ஆனால் தேக்கு வேண்டாம்.

ஏன் என்று புரிய வீணையைப் பார்க்கலாம். காரைக்குடி என்றால் வீணை சகோதரர்களான சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் (1888–1958) நினைவுக்கு வருவார்கள். வீணையின் குடம் பலா மரத்தில் குடைந்தது. மெல்லிய தந்தியால் அதிகக் காற்றைத் தள்ள முடியாது. அதன் அதிர்வை வாங்கிக் குடத்தின் மரமே அதிர்ந்தால்தான் நாதம் சபைக்குக் கேட்கும். மரம் பாட வேண்டும் என்பதற்காகத்தான் அதை அவ்வளவு பக்குவமாக இழைக்கிறார்கள்.

சப்வூஃபரில் கதை தலைகீழ். காற்றைத் தள்ளும் வேலையை ஸ்பீக்கரின் கூம்பே பார்த்துக்கொள்கிறது. அதோடு பலகையும் சேர்ந்து அதிர்ந்தால் பாட்டில் இல்லாத ஒரு சத்தம் வரும். ஒற்றைச் சுருதியில் 'பூம் பூம்' என்று காது அடைக்கும் கார்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே பெரும்பாலும் பெட்டி பாடிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் பெட்டி எதற்கு? கூம்பு முன்னால் காற்றை அழுத்தும் அதே கணத்தில் பின்னால் உறிஞ்சுகிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய எட்டரை மீட்டர், காரை விட நீளம். பின்பக்க அலை சுற்றி வந்து முன்பக்க அலையைத் தின்றுவிடும். வெறும் ஸ்பீக்கரைக் கையில் பிடித்துப் பாட வைத்தால் பேஸ் காணாமல் போவது இதனால்தான். பின்பக்கத்தை அடைத்து வைக்கத்தான் பெட்டி.

அடைப்பது சுலபம் என்று நினைக்க வேண்டாம். 12 அங்குலக் கூம்பு ஒரு சென்டிமீட்டர் உள்ளே போனால் சுமார் அரை லிட்டர் காற்று நசுங்கும். 30 லிட்டர் பெட்டியில் அது 45×35 செ.மீ. பலகை ஒன்றின் மீது ஏறக்குறைய 35 கிலோ எடை வைத்ததற்குச் சமம். அதே விசை நொடிக்கு நாற்பது முறை தள்ளியும் இழுத்தும் வேலை செய்யும். 12 மி.மீ. பலகை இதைத் தாங்காது. குறைந்தது 18 மி.மீ. வேண்டும். எதிரெதிர்ப் பலகைகளை உள்ளே ஒரு கட்டையால் இணைத்துவிட்டால் இன்னும் நல்லது.

எல்லாரும் எம்.டி.எஃப்.பை நாடுவதற்குக் காரணம் அதன் மந்தம். மர நாரைப் பிசினோடு அழுத்திச் செய்த பலகை அது. 18 மி.மீ.யில் 8×4 ஷீட் ஒன்று 40 கிலோ வரும். விரலால் தட்டினால் 'டொக்' என்று அங்கேயே அடங்கிவிடும். நாரோட்டம் கிடையாது என்பதால் நீளத்திலும் அகலத்திலும் ஒரே குணம். தேக்கு அப்படியல்ல, நாருக்குக் குறுக்கே வெயிலுக்குச் சுருங்கும், ஈரத்துக்கு விரியும். சித்திரை வெயிலில் பூட்டி நிற்கும் காரின் டிக்கியில் மூட்டு லேசாக விட்டாலும் காற்று கசியும். எம்.டி.எஃப்.புக்குத் தண்ணீர்தான் எமன். டிக்கியில் ஈரம் படும் என்றால் எச்.டி.எச்.எம்.ஆர். பலகையோ 710 மரைன் ப்ளைவுட்டோ எடுங்கள். ப்ளைவுட்டில் அடுக்குக்குள் பொந்து இல்லையா என்று வெட்டிய விளிம்பைப் பார்த்து வாங்க வேண்டும்.

அடுத்தது அளவு. எல்லாரும் சறுக்கும் இடம் இது. ஸ்பீக்கரோடு வரும் தாளில் இருப்பது உள்ளளவு. 45×35×20 செ.மீ. உள்ளளவு என்றால் 31.5 லிட்டர். அதே எண்களை ஆசாரி வெளியளவாக எடுத்துக்கொண்டால் 18 மி.மீ. பலகை எல்லாப் பக்கமும் உள்ளே இறங்கி, மிஞ்சுவது 21 லிட்டர் சொச்சம்தான். அதிலும் ஸ்பீக்கரின் காந்தம் இரண்டு லிட்டரை விழுங்கும்.

மூடிய பெட்டியா, துளைப் பெட்டியா? மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றே ஸ்பிரிங்காக வேலை செய்யும். 1954-இல் அமெரிக்காவின் எட்கர் வில்சர் அக்கூஸ்டிக் ரிசர்ச் ஸ்பீக்கரில் இதைத்தான் செய்து காட்டினார். துளைப் பெட்டியின் தத்துவம் சிவகங்கை மாவட்டத்துக்கு அந்நியமில்லை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மண்பாண்டத்துக்குப் பேர்போன மானாமதுரையின் கடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே உள்ள காற்று ஸ்பிரிங், வாயருகே உள்ள காற்று எடை; இரண்டும் சேர்ந்து ஒரு சுருதியில் ஊசலாடும். வித்வான் கடத்தின் வாயைத் தன் வயிற்றில் அழுத்தித் திறக்கும்போது 'கும்' மாறுவது அதனால்தான். பெல் லேபின் ஆல்பர்ட் துராஸ் ஸ்பீக்கர் பெட்டிக்கு இந்த முறையில் 1932-இல் காப்புரிமை பெற்றார். 50 லிட்டர் பெட்டியின் துளையில் 10 செ.மீ. உள்விட்டமுள்ள பி.வி.சி. குழாயை 35 ஹெர்ட்ஸுக்குச் சுருதி சேர்க்க ஏறக்குறைய 31 செ.மீ. நீளம் வேண்டும். கண்ணளவில் வெட்டினால் சுருதி எங்கோ போய் நிற்கும். கார் சிறிய அறை. ஆழ்ந்த ஒலியை அதுவே கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். முதன்முதலாகப் பெட்டி அடிப்பவர்களுக்கு மூடியதே போதும்.

மூட்டுக்கு ஃபெவிகால் தாராளமாக. எம்.டி.எஃப். விளிம்பில் ஸ்க்ரூவுக்கு முன் துளை போடாவிட்டால் பிளக்கும். உள்மூலைகளில் சிலிக்கான் பூசி, ஒரு நாள் நன்றாகக் காய்ந்த பிறகே ஸ்பீக்கரை மாட்டுங்கள். அறுக்கும்போது மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. முடிந்ததும் பேஸ் ஓடும்போது ஊதுபத்திப் புகையை மூட்டோரம் கொண்டுபோங்கள். புகை துடித்தால் அங்கே கசிவு. கடைசியாகப் பெட்டியை டிக்கியில் போல்ட் போட்டு இறுக்குங்கள். திடீர் பிரேக்கில் அது பின்சீட்டுக்குப் பறந்து வரக் கூடாது.

கடையில் அடிக்கக் கொடுப்பவர்கள் மூன்று கேள்வி கேளுங்கள்: உள்ளளவு எத்தனை லிட்டர், பலகை எத்தனை மில்லி, துளை இருந்தால் எத்தனை ஹெர்ட்ஸ்? மூன்றுக்கும் எண்ணில் பதில் வராவிட்டால் வேறு கடை பாருங்கள்.

அடுத்த வாரம்: ஆம்ப்ளிஃபயர், வயர், ஃப்யூஸ்.

(தொடரும்)