பழைய ஹெரால்டு – 9: மிதித்தால் நகரும் புல்லி

ஹெரால்டில் முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. மேட்டில் வேகம் செத்து, வண்டி நிற்பதற்குள் ஒன்றுக்கு இறக்கும்போது கர்ரென்று பல் அரைபடும். டபுள் கிளட்ச் போட்டுச் சமாளிக்கலாம். ஆனால் என் 1968 மாடலில் அரைபட்டு அரைபட்டுப் பல்லே மழுங்கிவிட்டது.

டிரையம்ப் கம்பெனி 1970-ல் ஸ்பிட்ஃபயர் மார்க் 4 காரில் முதல் கியருக்கும் சிங்க்ரோ கொடுத்தது. ஸ்பிட்ஃபயர் ஹெரால்டின் சேஸியை வைத்துச் செய்த கார். அதனால் இங்கிலாந்தில் ஹெரால்டுக்காரர்கள் அந்த கியர் பாக்ஸைத் தேடிப் பிடித்து மாட்டுகிறார்கள். எனக்கும் ஒன்று கிடைத்தது. அதோடு, வழுக்க ஆரம்பித்திருந்த 6¼ அங்குலக் கிளட்ச்சையும் தூக்கிவிட்டு, ஸ்பிரிங் கெட்டியான பெரிய ஒன்றைப் போட்டுவிடலாம் என்று மெக்கானிக் அண்ணனிடம் சொன்னேன்.

அவர் பதில் சொல்லாமல் பானெட்டைக் கவிழ்த்தார். மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாயும் பானெட் அது. டயர் மேல் உட்கார்ந்தே இன்ஜினில் கை வைக்கலாம். மெக்கானிக்கை மனதில் வைத்து வரைந்த கார் என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும்.

"தம்பி, இங்க வந்து புல்லியைப் பாருங்க" என்றார். பட்டறைப் பையன் உள்ளே உட்கார்ந்து கிளட்ச்சை மிதித்தான். கிராங்க் புல்லி ரேடியேட்டர் பக்கம் நகர்ந்தது. வெறும் கண்ணுக்கே தெரிந்தது.

கிளட்ச்சை மிதிக்கும்போது ரிலீஸ் பேரிங் கிராங்க்கையும் சேர்த்து முன்னால் தள்ளுகிறது. அந்தத் தள்ளலைத் தாங்குவது பின்பக்க மெயின் பேரிங்கின் இருபுறமும் இருக்கும் பிறை வடிவ ட்ரஸ்ட் வாஷர்கள் இரண்டுதான். அதிலும் பின்பக்கத்து வாஷர்தான் சீக்கிரம் தேயும். ரொம்பத் தேய்ந்தால் நழுவிச் சம்ப்பில் விழும். பிறகு கிராங்க் பிளாக்கையே அறுக்கும். பிளாக் போனால் இன்ஜின் போச்சு. கிராங்க்கின் முன்பின் ஆட்டம் 4 முதல் 8 தௌ வரை இருக்கலாம். டயல் கேஜ் 17 காட்டியது. தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இந்த நிலையில் கெட்டி ஸ்பிரிங் போட்டிருந்தால், ஒவ்வொரு சிக்னலிலும் என் காலே அந்த வாஷரைத் தின்றிருக்கும். ஸ்டாண்டர்டு கம்பெனி வண்டலூரில் செய்த ஹெரால்டில் இருப்பது 948 சிசி இன்ஜின்; சக்தி சுமார் 35 குதிரைத்திறன். அதற்கு அந்தச் சின்னக் கிளட்ச் தாராளம். வழுக்கல் வந்ததற்குக் காரணம் அளவு அல்ல, ஆயில் கசிந்து நனைந்த பிளேட். பெரிய கிளட்ச் ஆசையை அங்கேயே விட்டேன்.

சம்ப்பை இறக்கி, பின் மெயின் கேப்பைக் கழற்றினால் போதும். கிராங்க்கைத் தூக்காமலே வாஷர் மாற்றலாம். பழையது வெளியே வந்தபோது வெள்ளை உலோகமே இல்லை, வெறும் இரும்பு. புதியதில் வரிப்பள்ளம் உள்ள முகம் கிராங்க்கைப் பார்க்க வேண்டும். அண்ணன் இரண்டு முறை விரலால் தடவிப் பார்த்துத்தான் உள்ளே தள்ளினார். மறுபடி கேஜ் வைத்தோம்: 6.

அப்புறம்தான் கியர் பாக்ஸ். ஹெரால்டில் அது கீழே இறங்காது. சீட்டைத் தூக்கி, நடுவில் இருக்கும் அட்டைக் கூண்டைப் பிரித்தால் வண்டிக்குள்ளிருந்தே வரும். இன்ஜினுக்கு ஜாக்கி முட்டுக் கொடுத்து, மூன்று பேர் சாக்கில் சுற்றி இடது கதவு வழியாகத் தூக்கினோம்.

இப்போது பெஞ்சில் பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. இன்புட் ஷாஃப்ட்டின் ஸ்ப்லைனை எண்ணி, நுனியை வெர்னியரில் அளந்த பிறகே புதுக் கிளட்ச் பிளேட் வாங்குவதாக முடிவு. அந்த அளவுகள் அடுத்த வாரம்.