வாவிக்கரையிற் பறவைகள் மடிந்தால்

சித்தாண்டிப் பகுதி வயல்களிலும் மட்டக்களப்பு வாவியின் கரைகளிலும், விதைப்பு நடைபெறும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், வடதேசங்களிலிருந்து காட்டுத்தாராக்களும் உள்ளான்களும் வந்திறங்குவதை யாவரும் அறிவர். இவற்றுட் பல ஒரே வேளையில் மடிந்து கிடக்கக் காணின், அதனை அற்பமாகக் கருதலாகாது.

நோயின் இயல்பு

பறவைக் காய்ச்சல் வைரசுக் கிருமியால் உண்டாவது. இக்கிருமி நீர்ப்பறவைகளின் குடலில் தங்கி, எச்சத்தின் வழியே நீரிற் கலக்கின்றது. தாரா சிலவேளை நோய்க்குறி ஏதுமின்றிக் கிருமியைச் சுமந்து திரியும். கோழியோ ஓரிரு நாளில் மடியக்கூடும். குளிர்ந்த நீரிற் பலநாள் நிலைத்திருக்கும் இக்கிருமி, கொதிக்கும் வெப்பத்தாலும் சவர்க்காரத்தாலும் அழியும்.

தலை வீங்குதல், கொண்டை நீலமாதல், கழுத்துத் திருகுதல், பச்சை நிறக் கழிச்சல், திடீர் மரணம் என்பன நோய்க்குறிகளாம். இராணிக்கெட் நோயிலும் இவற்றுட் சில தோன்றும். அதற்குத் தடுப்பூசி உண்டு. அதனைக் காலந்தவறாது இடுவித்தல் வேண்டும்.

பிற இடங்களிற் கண்டவை

2005ஆம் ஆண்டு சீனாவின் சிங்காய் ஏரியில் 6,000க்கு மேற்பட்ட காட்டுப்பறவைகள் இந்நோயால் மடிந்தன. 2020 இறுதியிலும் 2021 தொடக்கத்திலும் இந்தியாவின் இமாசலப் பிரதேசத்துப் பொங் அணை நீர்த்தேக்கத்தில் ஏறத்தாழ 5,000 பறவைகள் இறந்தன. அவற்றுட் பெரும்பாலானவை வரித்தலை வாத்துகள். 2021 சனவரியிற் கேரளத்து ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் வளர்ப்புத் தாராக்களை அழிக்கவும் நேர்ந்தது.

ஆயினும், 2019இல் இராசத்தானின் சாம்பர் ஏரியில் ஆயிரக்கணக்கான பறவைகள் இறந்தது வைரசினாலன்று; பற்றீரியா நஞ்சினாலாகும். ஆகவே, ஆய்வுகூடச் சோதனையின்றிக் காரணம் துணிதல் தகாது.

கமக்காரர் செய்யவேண்டியவை

1. இறந்த பறவையை வெறுங்கையால் தொடாதீர்கள். கறிக்கென எடுத்துச் செல்லாதீர்கள். இந்நோய் மனிதரையும் பற்றக்கூடியது.

2. சிறுவர்களையும் நாய்களையும் அவ்விடத்தை அணுகவிடாது, மிருக வைத்தியருக்கு உடனே அறிவியுங்கள்.

3. அவர் பணித்தபின், கிணற்றுக்கு அப்பால் ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதையுங்கள்.

4. கோழி, தாராக்களை வாவியில் மேயவிடாது, வளவினுள் அடைத்துக் கிணற்று நீர் கொடுங்கள்.

5. வயலிலிருந்து மீண்டதும் கால், கை, மண்வெட்டி ஆகியவற்றைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே கோழிக்கூட்டை அணுகுங்கள்.

6. முட்டையையும் இறைச்சியையும் நன்கு வேகவைத்து உண்ணுங்கள்.

காட்டுப்பறவைகளைச் சுட்டுத் துரத்துவதாற் பயனில்லை. சிதறிய பறவைகள் நோயைப் புதிய இடங்களுக்குக் கொண்டுசெல்லும்.

முட்டை விற்ற காசிலேயே பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கும் குடும்பங்கள் பல. கோழிக்கூடு வெறுமையானால் அக்காசும் நின்றுபோம். ஆதலால், செத்த பறவையைக் கண்டவர் மறையாது அறிவிப்பின், தம் வளவை மட்டுமன்றி ஊர் முழுவதையும் காத்தவராவர்.