வேலியே பயிரை மேய்ந்த கதை!

ராஜாவைக் காப்பாற்ற ஒரு படை. சரி, அந்தப் படையிடமிருந்து ராஜாவைக் காப்பாற்றுவது யார்?

ரஷ்ய ஜார்களுக்குக் கடைசிவரை விடை கிடைக்காத கேள்வி இது.

1682. மாஸ்கோ கிரெம்ளின். 'ஸ்த்ரெல்ட்ஸி' என்கிற காவல் படை கலகம் செய்து அரண்மனைக்குள் புகுந்தது. பத்து வயதுகூட நிரம்பாத பீட்டரின் கண்ணெதிரே வேண்டப்பட்டவர்களை வெட்டிச் சாய்த்தது. தாய்மாமன்களில் இரண்டு பேர் தப்பவில்லை.

பையன் மறப்பானா? பக்கத்து கிராமமான ப்ரியோப்ரஷென்ஸ்கோயேயில் தோழர்களைச் சேர்த்துக்கொண்டு பட்டாளத்து விளையாட்டு ஆடினான். குதிரை லாயத்துப் பையன்கூட அதில் சிப்பாய். ஆள் சேரச் சேர, செம்யோனோவ்ஸ்கோயே கிராமத்தில் இன்னொரு படை. மரத் துப்பாக்கி போய் நிஜ பீரங்கி வந்தது. 'விளையாட்டுப் படை' என்று பெரியவர்கள் சிரித்தார்கள்.

1698-ல் ஸ்த்ரெல்ட்ஸி மறுபடி வாலாட்டியது. ஜார் பீட்டர் ஆயிரம் பேருக்கு மேல் தீர்த்துக் கட்டினார். 1700-ல் விளையாட்டுப் படைகள் இரண்டுக்கும் 'கார்ட்ஸ்' அந்தஸ்து. அதே வருஷம் நார்வா சண்டையில் ஸ்வீடன்காரனிடம் ரஷ்யப் படை உதை வாங்கி ஓடியபோது, நின்று போராடியவற்றில் இந்த இரண்டும் உண்டு. முழங்கால் ரத்தத்தில் நின்றதன் அடையாளமாகச் சிவப்புக் காலுறை கிடைத்ததாகச் சொல்வார்கள்.

பழைய வேலியைப் பிடுங்கிப் புது வேலி போட்டாயிற்று. பயிர் பிழைத்ததா?

1725-ல் பீட்டர் கண்ணை மூடியதும், அடுத்து யார் என்று பிரபுக்கள் கூடிப் பேசினார்கள். கார்ட்ஸ் அதிகாரிகளும் அழையாமலே வந்து நின்றார்கள். வாசலில் முரசுச் சத்தம். பேச்சு சட்டென்று முடிந்தது. ஒரு காலத்தில் வீட்டு வேலைக்காரியாக இருந்த பீட்டரின் மனைவி காதரின் மகாராணி ஆனார்!

ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா?

1741. ஒரு குளிர்கால ராத்திரி. பீட்டரின் மகள் எலிசபெத் ப்ரியோப்ரஷென்ஸ்கி முகாமுக்குப் போய், "நான் யார் மகள் தெரியுமில்லையா?" என்று கேட்டாராம். சுமார் 300 சிப்பாய்கள் பின்னால் கிளம்பினார்கள். அரண்மனையில் தூங்கிக்கொண்டிருந்த சக்கரவர்த்தியைக் கைது செய்தார்கள். சக்கரவர்த்திக்கு வயது என்ன தெரியுமா? பதினைந்து மாதம்! பெயர் ஆறாம் இவான்.

உதவிய சிப்பாய்கள் பிரபுக்கள் ஆனார்கள். தன் ஆட்சியில் யாருக்கும் மரண தண்டனை கிடையாது என்ற வாக்கை எலிசபெத்தும் காப்பாற்றினார். ஆனால் அந்தக் குழந்தை? சிறையிலேயே வளர்ந்தது. 1764-ல் ஒரு அதிகாரி விடுவிக்க முயன்றபோது, காவலர்களே குத்திக் கொன்றார்கள். அதுதான் அவர்களுக்கு முன்கூட்டியே போடப்பட்டிருந்த உத்தரவு. அப்போது இவானுக்கு 23 வயது. செய்த குற்றம், பிறந்தது.

1762-ல் மூன்றாம் பீட்டர், கார்ட்ஸுக்குப் பிரஷ்ய பாணி உடுப்பு மாட்டி, டென்மார்க்குடன் சண்டைக்கு அனுப்பப் பார்த்தார். அவர்களோ அவர் மனைவி இரண்டாம் காதரினை அரியணையில் ஏற்றிவிட்டார்கள். அம்மணி கார்ட்ஸ் உடுப்பிலேயே குதிரை ஏறிக் கிளம்பினார். காவலில் இருந்த கணவர் சில நாளில் காலி. அரசாங்க அறிவிப்பு: மூலவியாதியும் வயிற்று வலியும்!

1801-ல் மகன் பாவெல் படுக்கையறையிலேயே கொலை. கொன்றவர்களில் கார்ட்ஸ் அதிகாரிகளும் உண்டு. அறிவிப்பு: பக்கவாதம்! ஆக, ரஷ்ய ஜார்களுக்கு வந்த கொடிய வியாதியின் பெயர் கார்ட்ஸ்.

இந்த பாவெலுக்குச் சப்பை மூக்கு. அவர் பெயர் தாங்கிய பாவ்லோவ்ஸ்கி ரெஜிமெண்டுக்குச் சப்பை மூக்கு ஆசாமிகளாகப் பார்த்துப் பொறுக்குவது பிற்காலத்தில் சம்பிரதாயமே ஆயிற்று. கேலி வேண்டாம். 1807 ஃப்ரீட்லாண்ட் சண்டையில் குண்டு துளைத்த தொப்பிகளை, ஓட்டையோடேயே பெருமையாகப் போட்டுக்கொண்டவர்கள் இவர்கள்.

1825 டிசம்பரில் கார்ட்ஸ் அதிகாரிகள் முதன்முறையாக ஆளை அல்ல, ஆட்சி முறையையே மாற்றக் கிளம்பினார்கள். சுமார் 3,000 பேர் சதுக்கத்தில் நின்றார்கள். புது ஜார் நிக்கோலஸ் பீரங்கியால் பதில் சொன்னார். தலைவர்கள் ஐந்து பேருக்குத் தூக்கு.

கடைசிக் காட்சி, 1917. பழைய வீரர்கள் பலர் உலகப் போரில் மாண்டிருக்க, தலைநகரில் இருந்ததெல்லாம் புதுசாகச் சேர்ந்தவர்கள். ஜனங்கள் ரொட்டி கேட்டுத் தெருவுக்கு வந்தார்கள். வொலின்ஸ்கி ரெஜிமெண்ட் ஒருநாள் சுட்டது. மறுநாள், "இனி சுடமாட்டோம்" என்று தன் அதிகாரியையே கொன்றது. மற்ற கார்ட்ஸ் படைகளும் சேர்ந்துகொண்டன. சில நாளில் இரண்டாம் நிக்கோலஸ் முடி துறந்தார்.

1918-ல் கார்ட்ஸ் கலைக்கப்பட்டது. ஆனால் ஹிட்லர் படை உள்ளே வந்ததும் ஸ்டாலினுக்கே அந்தப் பெயர் தேவைப்பட்டது! 1941 செப்டம்பரில், நன்றாகச் சண்டை போட்ட நாலு டிவிஷன்களுக்கு 'கார்ட்ஸ்' பட்டம் கொடுத்தார். 2013-ல் மாஸ்கோவின் மரியாதை அணிவகுப்புப் படைக்கு 'ப்ரியோப்ரஷென்ஸ்கி' என்ற பெயரும் திரும்பி வந்தது.

நல்ல பெயர்தான். ஆனால், அந்தப் பதினைந்து மாதக் குழந்தையைத் தொட்டிலிலிருந்து தூக்கியதும் அதே பெயர்தான்!