ஆவூரும் 1547உம்: நூலகக் கேட்டலாக்கில் பழைய பயணிகளைத் தேடுவது

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு நண்பர் வாட்ஸ்அப்பில் ஒரு குறிப்பு அனுப்பினார். நம்ம புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூர் மாதா கோயிலைப் பற்றியது. பழைய ஆலயத்தை 1547இல் ஜான் வெனான்டியஸ் பூஷே என்ற பாதிரியார் கட்டினார் என்று அதில் இருந்தது. "சரியான்னு பாத்துச் சொல்லுங்க, நோட்டீஸ் அடிக்கணும்" என்றார். இணையத்தில் தேடினால் பல இடங்களில் அதே 1547தான். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியிருக்கிறார்கள்.

இதைச் சரிபார்க்க ஆராய்ச்சி எதுவும் தேவைப்படவில்லை. பெரிய நூலகங்களின் கேட்டலாக்கில் ஆசிரியர் பெயரோடு பிறப்பு, இறப்பு ஆண்டையும் போட்டிருப்பார்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் குழம்பக்கூடாது என்பதற்காகச் செய்யும் ஏற்பாடு அது. பூஷேக்கு அங்கே 1655–1732 என்று இருக்கிறது. இயேசு சபையே 1540இல்தான் தொடங்கியது. ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தது 1606இல். பிறப்பதற்கு நூறு வருஷம் முன்னாடியே ஒருவர் கோயில் கட்ட முடியாது. பூஷே கட்டினார் என்பது சரியானால், கோயில் 17ஆம் நூற்றாண்டின் கடைசிக்கு முன்னால் போகாது.

அஞ்சு நிமிஷ வேலை. ஆனால் அந்தப் பதிவில் வேறொன்று கண்ணில் பட்டது. பூஷேயின் கடிதங்கள் அச்சில் இருக்கின்றன. பாரிஸில் 1702 முதல் 1776 வரை 34 தொகுதிகளாக வந்த இயேசு சபைக் கடிதத் தொகுப்பில் அவை சேர்ந்திருக்கின்றன. ஜான் லாக்மன் அதிலிருந்து ஒரு பகுதியை ஆங்கிலத்தில் 1743இல் வெளியிட்டார். அதாவது, தொண்டைமான் சீமை வழியாக நடந்து போனவர்கள் அந்தக் காலத்திலேயே எழுதிவைத்த குறிப்புகள் நமக்குக் கிடைக்கின்றன. அப்படியானால் அவரோடு ஒப்பிட்டுப் பார்க்க வேறு யார் இருக்கிறார்கள்? நான் மாட்டிக்கொண்டது இந்தக் கேள்வியில்தான்.

முதலில் ஊர்ப்பெயர். கேட்டலாக்கின் தேடுபெட்டியில் ஆவூர் என்று இன்றைய ஆங்கில எழுத்தில் போட்டால் அந்தக் கடிதங்கள் சிக்காது. பிரெஞ்சுப் பாதிரிமார் 'வி' எழுத்தே இல்லாமல் ஏ-ஓ-யு-ஆர் என்று எழுதினார்கள். புதுக்கோட்டைக்கோ கணக்கே இல்லை. 'பி'க்குப் பிறகு ஒரு 'யு' போடுவார்கள், இல்லாவிட்டால் இரண்டு 'ஓ'. 'டி' ஒன்றாக இருக்கும், இரண்டாகவும் இருக்கும். கடைசியில் 'ஏஎச்' வரும். பல நூல்களில் ஊர்ப்பெயரே கிடையாது, 'தொண்டிமான்' என்று அரசரின் பெயர்தான் நாட்டுக்கும் பெயர். என் நோட்டில் ஒரு பக்கம் முழுக்க இந்த எழுத்துக்கூட்டல்கள்தான். புதிதாக ஒன்று கிடைத்தால் அதில் சேர்த்துவிட்டு, பழைய தேடல்களை எல்லாம் மறுபடி ஓட்டிப் பார்ப்பேன். அலுப்பான வேலைதான், வேறு வழியில்லை.

அடுத்தது பொருள் தலைப்பு. ஒரு புத்தகம் எதைப் பற்றியது என்று நூலகர் போட்டு வைக்கும் அடையாளம் அது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்து முறையில் 'இந்தியா – விவரிப்பும் பயணமும்' என்ற பொருளில் ஒரு தலைப்பு உண்டு. 1800க்கு முந்திய நூல்களுக்கு அதன் கீழே தனிப் பிரிவும் உண்டு. கையில் இருக்கும் ஒரு நல்ல நூலின் பதிவைத் திறந்து அந்தத் தலைப்பைச் சொடுக்கினால், அதே அடையாளம் பெற்ற மற்ற நூல்கள் வரிசையாக வந்து நிற்கும். நாமாக வார்த்தை யோசித்துத் தேடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் பயணக் குறிப்பு எல்லாம் பயணம் என்ற பெயரில் இருக்காது. பாதிரிமார் கடிதங்கள் 'மிஷன்' தலைப்பில் கிடக்கும். மருது சகோதரர்களுக்கு எதிரான 1801 போரில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷின் நூல் ராணுவ நினைவுக் குறிப்பாக நிற்கும். தமிழில் இன்னும் மோசம். கோயம்புத்தூர் சே. ப. நரசிம்மலு நாயுடு 1889இல் தன் வட இந்தியப் பயணத்தை எழுதியபோது தலைப்பில் 'யாத்திரையின் சரித்திரம்' என்று வைத்தார். ஏனுகுல வீராசாமி 1830இல் சென்னையிலிருந்து காசிக்குப் போய்வந்து தெலுங்கில் எழுதியதும் 'காசியாத்திரை சரித்திரம்'தான். அன்றைக்குச் சரித்திரம் என்றால் நடந்ததைச் சொல்வது. இன்றைய ஆள் அதை வரலாற்று அலமாரியில் வைத்துவிடுவார். அதனால் பயணம், பிரயாணம், யாத்திரை, சரித்திரம் நாலையும் போட்டுத் தேட வேண்டும்.

ஏ. கே. செட்டியாரையும் இங்கே சொல்லணும். பழைய பயணக் கட்டுரைகளைத் தேடித் தொகுத்து 1968இல் அவர் வெளியிட்ட நூலின் பெயர் 'தமிழ்நாடு'. அந்தப் பெயரைத் தேடுபெட்டியில் போட்டால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் பெயரை வைத்துத்தான் பிடிக்க முடியும். அதிலும் ஓரிடத்தில் 'ஏ. கே.', இன்னோரிடத்தில் 'கருப்பன் செட்டியார்'. அவர் ஊர் காரைக்குடி பக்கம் கோட்டையூர். ரோஜா முத்தையாவும் அதே கோட்டையூர்க்காரர். அவர் சேர்த்த புத்தகங்களைச் சிகாகோ பல்கலைக்கழகம் 1994இல் வாங்கி, சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக அது நிற்கிறது. புதுக்கோட்டையில் பா. கிருஷ்ணமூர்த்தி – டோரதி தம்பதியர் உருவாக்கிய ஞானாலயாவும் பக்கத்திலேயே. தமிழ்ப் பழம்பதிப்புகளுக்கு நம்ம பக்கத்து ஆட்கள் செய்தது கொஞ்சநஞ்சமல்ல.

ஆண்டு ஒரு பெரிய பொறி. கேட்டலாக்கில் இருப்பது அச்சான ஆண்டு, பயணம் செய்த ஆண்டு இல்லை. வெல்ஷ் நூல் 1830இல் வந்தது, ஆனால் அதில் இருப்பது கிட்டத்தட்ட நாற்பது வருஷ நாட்குறிப்பு. பெர்த்ராந்து பாதிரியார் மதுரை மிஷனின் பழைய கடிதங்களைத் தொகுத்து வெளியிட்டது 1847க்குப் பிறகு. '1650 முதல் 1750 வரை' என்று வடிகட்டியைப் போட்டீர்களோ, நமக்கு மிகவும் வேண்டிய அந்தத் தொகுப்பே காணாமல் போய்விடும். நான் முதல் தடவை அப்படித்தான் போட்டேன்.

இத்தனை மெனக்கெட்டு ஏன் ஒப்பிட வேண்டும்? எனக்குக் காரணம் ஒரு சொல். கள்ளர் என்ற பெயரை ஐரோப்பியப் பயணிகள் பலர் 'திருடர்' என்றே மொழிபெயர்த்தார்கள். அபே துய்புவா தன் நூலில் கள்ளரைத் திருட்டைப் பரம்பரை உரிமையாகக் கொண்ட சாதி என்கிறார். 1763இல் வந்த ராபர்ட் ஆர்மின் போர் வரலாற்றிலும் 'காலரி'கள் வருகிறார்கள். வெறும் ஏட்டுச் சண்டை இல்லை இது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு வந்தது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்தது. எழுதிவைத்த சொல்லுக்கு அவ்வளவு தூரம் நீளம் உண்டு.

இப்படி நாலைந்து நூல் ஒரே மாதிரி சொன்னால், 'இத்தனை பேர் பார்த்திருக்கிறார்களே' என்று தோன்றும். அங்கேதான் பதிவை நிதானமாகப் படிக்க வேண்டும். யார் தொகுத்தது, எந்தக் கையெழுத்துப் பிரதி, எந்த மொழியிலிருந்து? துய்புவாவின் நூல் 1816இல் ஆங்கிலத்தில் வந்து பெரும் பெயர் எடுத்தது. அதன் பெரும்பகுதி கேர்து என்ற இயேசு சபைப் பாதிரியார் முன்னாலேயே எழுதிவைத்தது என்று சில்வியா முர் 1987இல் காட்டினார். ஆக துய்புவாவையும் இயேசு சபைக்காரர்களையும் தனித்தனி சாட்சியாக எண்ண முடியாது. ஒரே வீட்டுச் சாட்சிகள். ஆவூர் 1547 கதையேதான் இது, கொஞ்சம் கௌரவமான அட்டை போட்டுக்கொண்டு வருகிறது.

வேறு வகை ஆளைத் தேடி எடுப்பது இதனால்தான் முக்கியம். ஆர்ம் நூலையே எடுங்கள். அதில் 1750களில் திருச்சிராப்பள்ளியில் மாட்டிக்கொண்டிருந்த ஆங்கிலேயருக்குத் தொண்டைமான் நாட்டிலிருந்துதான் தானியம் வருகிறது. தொண்டைமான்களும் கள்ளர் குலம்தான். ஒரே நூல் ஒரு பக்கத்தில் திருடர் என்கிறது, இன்னொரு பக்கத்தில் அவர்கள் அனுப்பிய அரிசியில் உயிர்பிழைத்ததைச் சொல்கிறது. வெல்ஷ், சின்ன மருதுதான் தனக்கு ஈட்டியும் வளரியும் எறியக் கற்றுத் தந்தார் என்று நன்றியோடு எழுதுகிறார். அந்த வளரிக்கு ஆங்கிலத்தில் பெயர் 'காலரி ஸ்டிக்'. பாதிரியார், படைக்காரர், கம்பெனி வரலாற்றாசிரியர் மூன்று பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபிறகுதான், அந்தச் சொல் யார் வாயில் எப்போது வசையாகிறது என்பது தெரிய ஆரம்பிக்கிறது. இதே வழியில் நடந்து போன ஒரு தமிழ் யாத்திரிகர் இந்தக் காட்டைப் பற்றி என்ன எழுதினார் என்று பார்க்க ஆசை. தேடிக்கொண்டிருக்கிறேன்.

நண்பரிடம் 1547ஐ எடுத்துவிடுங்கள் என்றேன். "அய்யய்யோ, நோட்டீஸ் அச்சுக்குப் போயிருச்சேங்க" என்றார். பிறகு அவரே கூப்பிட்டு, அச்சகத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டதாகவும், ஆண்டுக்குப் பதிலாக என்ன போடுவது என்றும் கேட்டார். 'பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில்' என்று போடச் சொன்னேன். நாலு எழுத்து இருந்த இடத்தில் இவ்வளவு நீளம் பிடிக்காது என்று அச்சகத்தார் முனகினாராம்.