யாழ்ப்பாணத்தில் கிங்ஸ்பெரி என்னும் குடிப்பெயர்

ஆங்கிலேயர்க்குக் குடிப்பெயர் இயற்பெயரின் பின்னே நிற்கும். யாழ்ப்பாணத் தமிழர்க்கோ ஊரும் தந்தையும் தலையெழுத்துக்களாய் இயற்பெயரின் முன்னே நிற்பது வழக்கம். சி. வை. தாமோதரம்பிள்ளை என்பதில் 'சி' சிறுப்பிட்டியையும் 'வை' வைரவநாதரையும் குறிக்கும். பண்டைத் தமிழ் நூல்களை ஏட்டுச் சுவடிகளிலிருந்து மீட்டு அச்சேற்றிய அப்பெரியார், இளமையிற் சைரஸ் கிங்ஸ்பெரி என்னும் பெயரையும் தாங்கியிருந்தார் என்பதனை இன்றைய மாணவருட் பலர் அறியார். அப்பெயர் எவ்வாறு இங்கு வந்தது, வந்தபின் என்னாயிற்று என்பன ஆராயத்தக்கன.

கிங்ஸ்பெரி என்பது முதற்கண் ஓர் ஊர்ப்பெயரேயாம். பழைய ஆங்கிலத்தில் 'பர்' என்பது அரண் சூழ்ந்த இடத்தைக் குறிக்கும். கண்டர்பெரி, சாலிஸ்பெரி முதலிய ஊர்ப்பெயர்களின் ஈற்றில் நிற்பதும் அதுவே. ஆகவே இச்சொல்லை 'அரசன் கோட்டை' எனப் பொருள்படுத்தலாம். இலண்டன் மாநகரின் வடமேற்கிலும் சமர்செற் பகுதியிலும் இப்பெயருடைய ஊர்கள் உள. அத்தகைய ஊரை விட்டுப் பிறிதோரிடத்திற் குடியேறியவனை அயலார் அவன் ஊரால் அழைக்க, அதுவே அவன் மக்கட்குங் குடிப்பெயராய் நிலைத்தது. எனவே 'சிறுப்பிட்டி'யும் 'கிங்ஸ்பெரி'யும் தொழிலால் ஒன்றே. ஒன்று பெயரின் முன் நிற்கின்றது, மற்றது பின் நிற்கின்றது. வேற்றுமை யாதெனின், தமிழர் ஊர்ப்பெயர் ஆள் வாழுமட்டும் அவனோடு நிற்பது. ஆங்கிலேயர் ஊர்ப்பெயர், ஊரை மறந்த பின்னரும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்வது.

இக்குடிப்பெயர் பூண்டோர் பிற நாடுகளிலும் புகழ் பெற்றுள்ளனர். அமெரிக்கப் பொறியியலாளராகிய அல்பேட் கிங்ஸ்பெரி (1863–1943) சுழலும் பெருந்தண்டின் பாரத்தைத் தாங்கும் போதிகை ஒன்றை அமைத்தார். தாங்கும் பரப்பைப் பல துண்டுகளாக்கி, அவை சிறிதே சாயுமாறு வைத்தமையால், எண்ணெய் ஆப்பு வடிவான படலமாய் உட்புகுந்து உலோகத்தோடு உலோகம் உராயாமற் காத்தது. 1912இல் பென்சில்வேனியாவிலே, சஸ்குவெகன்னா ஆற்றின் நீர்மின் நிலையத்தில் அது பொருத்தப்பட்டது. இதே கருத்தை அவுஸ்திரேலியரான மிச்செல் என்பவரும் தனித்துக் கண்டனர். அவுஸ்திரேலியப் போர்வீரராகிய புரூஸ் கிங்ஸ்பெரி 1942ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29ஆம் நாள் பப்புவாவின் இசுரவா என்னுமிடத்தில் யப்பானியப் படையை எதிர்த்து முன்சென்று வீழ்ந்தார். இறந்தபின் விக்ரோறியாச் சிலுவை என்னும் உயர்விருது வழங்கப்பெற்றார். மெல்பேண் நகரத்தின் ஒரு புறப்பகுதிக்கு அவர் பெயரே இடப்பட்டுள்ளது. ஊரிலிருந்து மனிதனுக்கு வந்த பெயர் மனிதனிலிருந்து மீண்டும் ஓர் ஊருக்குச் சென்ற வகை இது.

யாழ்ப்பாணத்துக்கு இப்பெயர் வந்த வழி குருதி வழியன்று. 1810இல் தோன்றிய அமெரிக்க மிசன் சங்கம் 1816இல் இங்கு பணி தொடங்கிற்று. அடுத்த ஆண்டிலே அதே சங்கத்தைச் சார்ந்த சைரஸ் கிங்ஸ்பெரி (1786–1870) என்னும் பாதிரியார் அமெரிக்கப் பழங்குடிகளாகிய செரோக்கியரிடையே பாடசாலை நிறுவினார். பின்னர்ச் சொக்ரோ மக்களிடையே நெடுங்காலம் பணியாற்றினார். அக்காலத்து மிசன் விடுதிகளில் தங்கிப் படித்த பிள்ளைகளின் செலவை அமெரிக்காவிலுள்ள நன்கொடையாளர் ஏற்பர். ஏற்றவர் தாம் விரும்பிய பெயரைப் பிள்ளைக்கு இடுவிப்பர். பாதிரிமார், கல்விமான்கள் முதலியோர் பெயர்கள் இவ்வாறு தெல்லிப்பழைக்கும் வட்டுக்கோட்டைக்கும் உடுவிலுக்கும் வந்து சேர்ந்தன. பெற்றோர் இட்ட பெயரைக் கல்விக்கு விலையாகக் கொடுத்தவாறாகவே இது சிலர்க்குத் தோன்றியிருத்தல் கூடும்.

இவ்வழக்கிற்கு உட்பட்டோர் தமிழுலகிற் சிறியாரல்லர். 'பாவலர் சரித்திர தீபகம்' இயற்றிய சதாசிவம்பிள்ளை ஆணல்ட் எனப்பட்டார். பீசகணிதத்தைத் தமிழிலே தந்த விசுவநாதபிள்ளை கறோல் எனப்பட்டார். நாவலரோடு வாதிட்ட அவர் பின்னர்ச் சைவத்துக்கு மீண்டார். 'நியாய இலக்கணம்' செய்த சிதம்பரப்பிள்ளை வில்லியம் நெவின்ஸ் எனப்பட்டார். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரிக்கு மூலமாயமைந்த ஆங்கில பாடசாலையை 1887இல் தொடக்கியவர் அவரே. அக்கல்லூரியின் அதிபராக இருமுறை விளங்கிய நெவின்ஸ் செல்வத்துரை அவருடைய மைந்தர். அன்னிய நாட்டார் கொடுத்த பெயர், சைவ மக்கள் கல்விக்காக எழுந்த நிலையத்தின் வரலாற்றிலே தந்தை மகன் இருவர் பெயராகவும் நிலைத்தது வியப்பே.

நெவின்ஸ் குடும்பத்தில் மகனுக்கு எளிதாக இறங்கிய பெயர்மரபு கிங்ஸ்பெரி குடும்பத்திலே வேறு வழியிற் சென்றது. 1832இல் பிறந்த தாமோதரம்பிள்ளை வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்று, பேர்சிவல் பாதிரியார் அழைப்பிற் சென்னை சென்று, 'தினவர்த்தமானி'ப் பத்திரிகையை நடத்தினார். புதிதாக நிறுவப்பட்ட சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பீ. ஏ. பட்டதாரிகள் இருவர், ஒருவர் இவர், மற்றவர் கறோல் விசுவநாதபிள்ளை. சைவராய் வாழ்ந்த இவர் கிங்ஸ்பெரி என்னும் பெயரைக் கைவிட்டனர். 1881இல் வீரசோழியம், 1883இல் இறையனார் அகப்பொருள், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை எனச் செல்லரித்த ஏடுகளிலிருந்து இவர் வெளிப்படுத்திய நூல்கள் தாமோதரம்பிள்ளை என்னும் பெயராலேயே வெளிவந்தன. 1901ஆம் ஆண்டின் முதல் நாளில் அவர் உயிர் நீத்தார்.

தந்தை விட்ட பெயரை மைந்தர் எடுத்துக்கொண்டார். 1873இற் பிறந்த அழகசுந்தரம் கிறித்தவராகிப் பிரான்சிஸ் கிங்ஸ்பெரி ஆயினார். எந்த நன்கொடையாளரும் இப்பெயரை அவருக்கு இடவில்லை. எழுபதாண்டு காலத்துள் யாழ்ப்பாணத்திலும் கிங்ஸ்பெரி என்பது தந்தைவழிக் குடிப்பெயராய்விட்டது. எனினும், பெயர் மாறியபோது அவர் தமிழை விட்டாரல்லர். கொழும்புச் சர்வகலாசாலைக் கல்லூரியில் தமிழ் கற்பித்தார். 'இயேசு வரலாறு' எழுதியவரே 'இராமன் கதை'யும் 'பாண்டவர் கதை'யும் எழுதினார். 1921இல் பிலிப்ஸ் என்னும் ஆங்கிலேயரோடு சேர்ந்து சம்பந்தர், அப்பர், சுந்தரர், மணிவாசகர் ஆகியோர் பாடல்களுட் சிலவற்றை ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிட்டார். கிறித்தவர் இருவர் செய்த அந்நூல் வாயிலாகவே ஆங்கிலம் மட்டும் அறிந்த பலர் தேவார திருவாசகங்களை முதன்முதல் அறிந்தனர். அந்நூலின் முகப்பிற் பொறிக்கப்பட்டது கிங்ஸ்பெரி என்னும் பெயர். 1941இல் மறைந்த அவரைத் தமிழ்ப் புலவருலகம் அழகசுந்தர தேசிகர் என்றும் வழங்குகின்றது.